பார்க்காத ஸ்டிக்கர்

புது பேட்டரி வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று சின்னவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்காவின் கணவரான மாமா அதை சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பந்தயத்தில் ஜெயித்த கோப்பையைக் கொண்டுவருவது போலத் தெரு முழுக்க மணியடித்துக்கொண்டே தள்ளிவந்தார். முப்பது கிலோ. வாசலில் இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஒரே சத்தம். ஒரே ஒரு சத்தம்தான் போட்டேன். மறுபேச்சு இல்லாம எடுத்துக் குடுத்துட்டாங்க," என்றார்.

"அந்தச் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. தப்பிப் பொழைச்ச மீனுங்களும் அதுல செத்திருக்கும்," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். மூன்று வாரங்களுக்குப் பிறகு அக்கா சிரித்த முதல் சிரிப்பு அது. அதைக் கெடுக்கும் துணிச்சல் சின்னவளுக்கு இல்லை. கையில் இருந்த தட்டை அப்படியே கொண்டுபோய் மூடி வைத்தாள்.

மூன்று வாரங்களுக்கு முன்பு நடந்தது இது. மாமா அலங்கார மீன் வளர்த்து விற்பவர். வீட்டின் பின்னறையில் இரும்பு அடுக்குகளில் பதினாறு கண்ணாடித் தொட்டிகள். ஆறு காற்றுப் பம்புகள் ராப்பகலாக ஓடவேண்டும். நின்றால் தண்ணீரில் காற்று குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். மின்சாரம் நாளுக்குப் பாதி நேரம் இல்லாத ஊர் அது என்பதால், கூரையில் ஒரு சோலார் பேனல், கீழே ஒரு பேட்டரி, இரண்டுக்கும் நடுவே கட்டுப்படுத்தும் ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டிக்குச் சார்ஜ் கன்ட்ரோலர் என்று பெயர். அன்று காலை மின்சாரம் போனது. பத்தே நிமிடத்தில் அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து, பம்புகள் ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன.

மாமாவும் அக்காவும் ஆளுக்கொரு மக்கை எடுத்துக்கொண்டு தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி ஊற்றினார்கள். அப்படி ஊற்றினால் கொஞ்சம் காற்று கலக்கும். ஆனால் தொட்டிகள் பதினாறு, கைகள் நான்கு. சின்னவள் வேலைக்குப் போயிருந்தாள். மின்சாரம் திரும்பி வர மூன்று மணி நேரம் ஆனது. மாலையில் அவள் வந்து பார்த்தபோது, கடைசி இரண்டு தொட்டிகளில் இருந்த கண் பிதுங்கிய கருப்பு மீன்கள், குஞ்சு பொரிப்பதற்கென்று இரண்டு வருடமாக வளர்த்த பதினோரு ஜோடி, வாளியில் கிடந்தன. அக்கா தரையில் உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளே மாமா பேட்டரி கடைக்குப் போனார். வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கடை வாசலில் நின்று அவர் கேட்ட கேள்வி நாலு கடை தள்ளிக் கேட்டது. கடைக்காரர் பழைய பேட்டரியை வாங்கி வைத்துக்கொண்டு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அதுவரை பம்புகள் ஒரு வாடகை பேட்டரியில் ஓடின. இன்று, செவ்வாய்க்கிழமை, புதிது கொடுத்துவிட்டார்.

எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பேட்டரியைக் கொன்றது கடை அல்ல, தான்தான் என்று சின்னவளுக்கு அன்று காலையிலிருந்தே தெரியும்.

*

பகலில் அவளுக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. வாரத்தில் மூன்று நாள் மாலையில் மின்பணி வகுப்பு. அவளிடம் ஒரு பழக்கம்: எதையும் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு எழுதினால்தான் மனசு ஆறும். ஆறியும் ஆறாது, எழுதியதைப் பென்சிலால் டிக் அடிப்பாள், டிக் அடித்ததை மறுநாள் இன்னொரு முறை பார்ப்பாள். "உன் நோட்டைப் பார்த்தா கல்வெட்டு மாதிரி இருக்குடி, அழிக்கவே தோணாது" என்று அக்கா கேலி செய்வாள். வீட்டில் எல்லோரும் அந்த நோட்டை நம்பினார்கள். அதை நம்பாத ஒரே ஆள் அவள்தான்.

சென்ற வருடம் மாமா ஏதோ ஓர் அலுவலகக் கட்டடத்தின் மாடியிலிருந்து கழற்றிய பேனல் ஒன்றை வாங்கி வந்தார். பெரிய பேனல், இருநூற்றைம்பது வாட். அதே சூட்டோடு நண்பர் ஒருவரைக் கூட்டிவந்து, அரை நாள் வெயிலில் கூரைத் தகட்டின்மேல் நாலு போல்ட் போட்டு இறுக்கிவிட்டார். விரல் முட்டிகள் நான்கும் தோல் உரிந்திருந்தன. "இனி உன் பொறுப்பு இன்ஜினியரம்மா. எந்தக் கன்ட்ரோலர் வாங்கணும்னு கணக்குப் போட்டுச் சொல்லு," என்றார்.

அப்போது அவள் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம். நோட்டில் கட்டம் போட்டாள். பம்பின் வாட் எழுதினாள், எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதினாள், பேட்டரியின் கொள்ளளவு எழுதினாள். 'பேனல் வோல்ட்' என்ற கட்டம் மட்டும் நாலு நாள் வெறுமையாகக் கிடந்தது. அது எழுதியிருக்கும் ஸ்டிக்கர் பேனலின் முதுகில் இருந்தது. பேனலோ தகட்டிலிருந்து இரண்டு விரல்கடை உயரத்தில் குப்புறப் படுத்திருந்தது. பார்க்கவேண்டும் என்றால் நாலு போல்ட்டையும் கழற்றவேண்டும். "மாமா, கொஞ்சம் கழட்டுறீங்களா?" என்று கேட்க அவள் மூன்று முறை வாயெடுத்தாள். மூன்று முறையும் அவருடைய முட்டிகளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். தவிர, இதை முதலிலேயே பார்த்து எழுதாமல் விட்டது யார் தப்பு?

வகுப்பில் மாஸ்டர் கரும்பலகையில் போட்ட மாதிரிக் கணக்கில் 'பேனல் 12 வோல்ட்' என்று இருந்தது. அதைப் பார்த்துப் பென்சிலால் 12 என்று எழுதினாள். ஒரு வாரம் கழித்து, கட்டம் அழகாக இல்லையே என்று அதன்மேல் பேனாவால் எழுதினாள். அதோடு அது உண்மையாகிவிட்டது.

கன்ட்ரோலரும் பேட்டரியும் வாங்கப் போன அந்தப் பேட்டரி கடையில் கவுன்ட்டரில் நின்றவர் அவளுடைய வகுப்புத் தோழர்தான். முப்பது வயதிருக்கும். சட்டைப் பையில் எப்போதும் மல்டிமீட்டர், அதிலிருந்து தொங்கும் சிவப்பு, கருப்பு ஒயர்கள். வகுப்பில் எல்லோரும் அவரை மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கைக்கு அடக்கமான நீலப் பெட்டி ஒன்றையும், முதுகில் அலுமினியப் பட்டைகள் வைத்த கனமான பெட்டி ஒன்றையும் அவர் கவுன்ட்டரில் வைத்தார்.

"இதும்மா, சாதாரணது. பேட்டரி எத்தனை வோல்ட்டோ பேனலையும் அதுக்குப் பக்கத்துல இழுத்து வச்சிடும். பேனல் பன்னிரண்டுன்னா கச்சிதம். முப்பது வோல்ட் பேனலை இதுல மாட்டினா பாதிக்கு மேல வீண். குடத்துத் தண்ணியை டம்ளருக்குள்ள கவுக்குற கதைதான். இந்தப் பெருசு இருக்கே, எம்.பி.பி.டி., இது அதிகப்படி வோல்ட்டைக் கரன்ட்டா மாத்தி உள்ள அனுப்பும். ஒரு சொட்டு சிந்தாது. உங்க பேனல் எத்தனை? பெரிய பேனல்னா பெரும்பாலும் பன்னிரண்டா இருக்காதே. ஸ்டிக்கரைப் பார்த்தியா?"

அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். பெரியதை விற்பதற்காகத்தான் இத்தனை பேச்சோ என்று ஒரு நினைப்பு ஓடியது. எல்லாவற்றையும்விட, நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடிட்ட 12 அவள் கண்முன்னே இருந்தது.

"பார்த்துட்டேண்ணா. பன்னிரண்டுதான்," என்றாள்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்போ சின்னதே போதும். வீணா எதுக்குப் பெருசு?" என்று அவரே அந்தக் கனமான பெட்டியை எடுத்து உள்ளே வைத்தார். பேட்டரியின் உத்தரவாத அட்டையில் 'பேனல் 12 வோல்ட், கன்ட்ரோலர் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் பெரியதை விற்கப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு அங்கேயே தெரிந்துபோனது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

வெயில் காலம் முழுக்க அந்தச் சின்னப் பெட்டி எப்படியோ ஒப்பேற்றியது. வானம் மூடியபோது பேட்டரி ஒருநாளும் நிறையவில்லை. எட்டாம் மாதம் செத்தது.

பிறகு, திங்கட்கிழமை வகுப்பு. மாஸ்டர் பேனல் வகைகளை நடத்தினார். "ஸ்டிக்கர் கிழிஞ்சுபோன பேனல் கிடைச்சா என்ன பண்ணுவீங்க? முன்பக்கம் தெரியுற கட்டத்தை எண்ணுங்க. முப்பத்தாறு கட்டம்னா பன்னிரண்டு வோல்ட் வகை. அறுபதுன்னா முப்பது வோல்ட் பக்கம். எண்ணத் தெரிஞ்சா போதும், ஏணி வேண்டாம், ஸ்பேனர் வேண்டாம்."

மறுநாள் காலை பக்கத்துக் கட்டடத்து மாடிப்படியில் நின்று எண்ணினாள். நீளவாக்கில் பத்து. அகலவாக்கில் ஆறு. மறுபடி எண்ணினாள். அந்தப் படியில் எட்டு மாதமாகத் தினமும் துணி காயப்போட்டிருக்கிறாள்.

*

புதன்கிழமை வகுப்பில் மீட்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பகலில் பள்ளிக்கூடமாக இருக்கும் கட்டடம் அது. சின்னப் பிள்ளைகளுக்கான பெஞ்சில் முழங்கால் தாடையை இடிக்க உட்கார வேண்டும். அவர் பக்கத்தில்தான் அவள் எப்போதும் உட்காருவாள். அன்றும் உட்கார்ந்தாள். எழுந்து வேறிடம் போனால் ஏன் என்று கேட்பாரே.

"உங்க மாமா எப்படி இருக்காரு? தொண்டை சரியாச்சா?" என்று கேட்டார் மீட்டர்.

"சாரிண்ணா. அவர் கோவத்துல..."

"கோவம் வராம? மீனு செத்தா வரத்தான் செய்யும். கோவத்துல நியாயம் இருக்கு, ஆளுதான் மாறிப்போச்சு." ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "அந்தப் பேட்டரியை நான் சோதிச்சுப் பார்த்தேம்மா. அது கடையில கெட்டது இல்ல. பசியிலயே வளர்ந்த பேட்டரி அது. ஒருநாள்கூட வயிறு நெறைஞ்சதே இல்ல. மொதலாளிகிட்ட சொன்னேன். அவர் உத்தரவாதக் கார்டை எடுத்துக் காட்டுறாரு. 'பேனல் சரி, கன்ட்ரோலர் சரின்னு நீதானே எழுதியிருக்க? அப்போ அலமாரியில இருந்த சரக்குக்கு மாசாமாசம் சார்ஜ் போடாம தூங்கியிருக்க'ங்கிறாரு. கவுன்ட்டர்ல நிக்கக்கூடாதுன்னு பின்னாடி போட்டுட்டாரு. லோடு இறக்குறேன், ஆசிட் கறை கழுவுறேன்."

"எத்தனை நாளைக்குண்ணா?"

"அது கிடக்கட்டும். தேர்வுக்கு ஃபாரம் போடணும்ல? ரெண்டு வருஷம் வேலை பார்த்த அனுபவம் இருக்குன்னு மொதலாளி கையெழுத்து வேணும். 'பேட்டரிக்குச் சார்ஜ் போடத் தெரியாதவனுக்கு என்ன அனுபவம்னு போடுறது'ன்னு தள்ளி வச்சிட்டாரு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட கடைசி. விட்டா அடுத்த வருஷம்தான்." அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, மேல பேனல்ல நிழல் கிழல் விழுதா? ஒயர் எங்கயாச்சும் லூசா? யோசிச்சுப் பாரேன். ஏதாவது ஒண்ணு இருந்தா அதை வச்சு நான் பேசிப் பார்ப்பேன்."

இதைவிட நல்ல வாய்ப்பை யாரும் தட்டில் வைத்துத் தரமாட்டார்கள். அவள் செய்யவேண்டியதெல்லாம் 'அறுபது' என்று ஒரு சொல் சொல்வதுதான். மாஸ்டர் உள்ளே வந்து கரும்பலகையைத் துடைத்தார்.

"தெரியலண்ணா. பார்க்கிறேன்," என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தத் 'தெரியல' செருப்பில் ஏறிய கல்லாக உறுத்தியது. முதல் பொய்யைக் கூச்சத்தில் சொன்னதாக வைத்துக்கொள்ளலாம். இதை என்னவென்று வைத்துக்கொள்வது? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் பக்கத்து இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, பழி சுமப்பவரிடம் பேனா கடன் வாங்கி நோட்ஸ் எழுதிக்கொண்டு வந்திருக்கிறது.

*

வியாழக்கிழமை மாலை அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பேட்டரி கெட்டதுக்குக் காரணம் நான்தான்."

"ஆமா, நீதான் போய் அதைக் கடிச்சு வச்ச. அந்தத் துண்டை எடு."

"விளையாடலக்கா."

நோட்டை விரித்தாள். கட்டத்தைக் காட்டினாள். அக்காவுக்கு வோல்ட் புரியவில்லை. தங்கையின் முகம் புரிந்தது. மடிப்பதை நிறுத்தினாள். மாமா பின்னறையிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றார். அவருக்காக மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். குடம், டம்ளர், அறுபது கட்டம், பன்னிரண்டு என்று சொன்ன பொய், அதனால் கவுன்ட்டரை விட்டு இறக்கப்பட்ட மீட்டர், எல்லாம்.

மாமா ஸ்பேனரை எடுத்தார், ஏணியைச் சாத்தினார், ஏறினார். அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போல்ட்டுகள் துருப்பிடித்துக் கிறீச்சிடும் சத்தம். பிறகு தகட்டின்மேல் பேனலைச் சாய்க்கும் சத்தம்.

"முப்பது புள்ளி அஞ்சு," என்று மேலிருந்து குரல் வந்தது. "எட்டு புள்ளி ரெண்டு ஆம்ப்." போனில் படம் எடுத்துக்கொண்டு இறங்கி, ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். "கேட்டிருந்தா கழட்டியிருக்க மாட்டேனா?"

"உங்க கையெல்லாம் காயமா இருந்துச்சு மாமா."

"காயம்! மூணு நாள்ல ஆறுற காயம்." முட்டியை அவள் முன் நீட்டினார். அதில் தழும்புகூட இல்லை.

"நாளைக்குள்ள கடையில போய்ச் சொல்லணும் மாமா. நீங்களும் வந்தீங்கன்னா..."

"நானா? 'செத்த பேட்டரியை வித்துப் பொழைக்கிறியாடா'ன்னு கேட்டிருக்கேன். டீ குடிச்சிட்டிருந்தவன் கிளாஸை கீழ வச்சிட்டுக் கேட்டான். இப்போ அதே வாசல்ல போய் எந்த மூஞ்சியோட நிக்கிறது? அவனுக்கு என்ன, வேலை போயிடலையே." எழுந்து மீன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா இன்னும் அதே துண்டை வைத்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று சின்னவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை.

"அன்னைக்கு எல்லாத்துக்கும் ஊத்த முடியல," என்றாள் அக்கா மெதுவாக. "கடைசி ரெண்டு தொட்டியை விட்டுடுங்கன்னு நான்தான் சொன்னேன். அவர் மாட்டேன்னாரு. நான்தான் விடச் சொன்னேன். மூணு வாரமா அதுதான் என் கண்ணுக்குள்ள நிக்குது." துண்டை மடித்து வைத்தாள். "ஒரு ஸ்டிக்கரைப் பார்க்கக் கூச்சமா இருந்துச்சாம்."

அதற்குமேல் அவளிடம் பேசவில்லை. அன்று இரவு முழுக்க யாரிடமும் பேசவில்லை.

*

வெள்ளிக்கிழமை ஜெராக்ஸ் கடையில் மதியத்துக்கு மேல் அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்பினாள். மூன்றரை மணிக்கே பேட்டரி கடைத் தெருவுக்கு வந்துவிட்டாள். கடையைத் தாண்டி முனை வரைக்கும் போனாள். திரும்பி வந்து இந்த முனை வரைக்கும் போனாள். என்ன சொல்வது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். எழுதியது எதுவும் வாய்க்கு ஏறவில்லை. மூன்றாவது தடவை தாண்டும்போது, டீக்கடை பெஞ்சில் இருந்தவர் கேட்டார்: "என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டியா?" அதற்குப் பயந்து கடைக்குள் நுழைந்துவிட்டாள்.

முதலாளி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "வாம்மா. இன்னொரு பேட்டரி வேணுமா? உங்க மாமா வெளிய நின்னு மூச்சு இழுத்துட்டிருக்காரா?"

"இல்ல சார். தப்பு எங்களோடது. என்னோடது."

சொன்னாள். கோர்வையாக வரவில்லை, பேனலில் ஆரம்பித்து, மாஸ்டருக்குப் போய், மறுபடி பேனலுக்கு வந்தாள். முதலாளி குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துச் சிரித்தார்.

"நீயும் அவனும் ஒரே கிளாஸ் இல்ல?"

"ஆமா சார்."

"ஒரே பெஞ்சா?"

அவளுக்குக் காது சுட்டது. "ஒரே பெஞ்சுதான். அதுக்காகச் சொல்லல."

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு ஃபாரம் போடணும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நீ வந்து பழியை ஏத்துக்கிற. நானும் நாலு எழுத்து படிச்சவன்தாம்மா."

போனை நீட்டினாள். மாமா எடுத்த படம். "எந்தப் பேனலோ," என்றார். நோட்டை எடுத்துக் கவுன்ட்டரில் விரித்தாள். முதலாளி கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள், இரண்டு நிற மை, ஓரத்தில் எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. 12 என்ற எண்ணை அவர் விரலால் தடவினார். பேனா மைக்கு அடியில் பென்சில் கோடு மேடாகத் தெரிந்தது.

"பென்சில்ல எதுக்கு எழுதின?"

"நிச்சயமா தெரியாததைப் பென்சில்லதான் எழுதுவேன் சார்."

"அப்புறம் நிச்சயமா தெரிஞ்சுதா?"

"தெரியல. சும்மா மேல எழுதிட்டேன். அவர் ஸ்டிக்கரைப் பார்த்தியான்னு ரெண்டு தடவை கேட்டாரு. பார்த்துட்டேன்னு பொய் சொன்னேன். நான் சொன்னதைத்தான் அவர் கார்டுல எழுதினாரு."

முதலாளி அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் பின்பக்கக் கதவருகே மீட்டர் நிற்பதை அவள் கண்டாள். முழங்கை வரை ரப்பர் கையுறை. சட்டைப் பையில் மல்டிமீட்டர் இல்லை. எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை.

"பேச்சுக்கு நம்புறேன்னே வச்சுக்கோ," என்றார் முதலாளி. "அப்போ அந்தப் புது பேட்டரி? அதை எந்தக் கணக்குல குடுத்தேன் நான்?"

அதற்கு அவள் கட்டம் போட்டிருக்கவில்லை. புதுப் பேட்டரியைத் தொட அவளுக்கு உரிமையும் இல்லை.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. மாமா. கேரியரில் பேட்டரி, அதே கயிறு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கடைக்குள் வராமல் வாசலிலேயே, அன்று நின்ற அதே இடத்தில் நின்றார்.

"தப்பு எங்க வீட்டுல!" என்று கத்தினார். "உங்க ஆள் மேல ஒரு குத்தமும் இல்ல! நான் அன்னைக்குச் சொன்னது அத்தனையும் வாபஸ்!"

"உள்ள வந்து சொல்லுங்க சார், காது நல்லாத்தான் இருக்கு," என்றார் முதலாளி.

"இல்லீங்க. அன்னைக்குக் கேட்டவங்க எல்லாருக்கும் கேக்கணும்."

டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "என்னங்க, இன்னைக்கு வண்டி ரிவர்ஸ்ல போகுது?"

"ஆமாய்யா, ரிவர்ஸ்தான். நல்லா கேட்டுக்கோ," என்றார் மாமா. சின்னவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்கா நேத்துலேர்ந்து பேசல. கரன்ட் போனா மக்கோட நிக்கிறேன், நீங்க போங்கன்னு காலையில சீட்டு எழுதி வச்சிருக்கா. அதுவும் உன் நோட்டுல கிழிச்ச தாளு."

முதலாளி கேரியரைக் கண்ணால் காட்டி, "அதுக்கு மாசத் தவணை போட்டுக்கலாம்," என்றார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஃபாரத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். பின்பக்கம் திரும்பாமலே நீட்டினார். மீட்டர் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். மணி நாலு பத்து.

"ஆனா ஒண்ணு," என்றார் முதலாளி. "பின்னாடி லோடு வண்டி வந்து நிக்குது. இருபத்தாறு பேட்டரி. அஞ்சரைக்கு வண்டிக்காரன் கிளம்பியாகணும். இவன் போயிட்டா யார் இறக்குறது?"

மாமா சட்டைக் கையை மடித்தார். "சைக்கிளை எடுத்துக்கப்பா. பிரேக் கொஞ்சம் லேட்டா பிடிக்கும், பார்த்துப் போ."

மீட்டர் அவரைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. கேரியரிலிருந்து பேட்டரியை அவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டு ஏறிப் போனார்.

ஒரு பேட்டரிக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு கைப்பிடி. மாமா முன்னால் பின்னடி வைத்துப் போக, அவள் எதிரே குனிந்து நடந்தாள். ஐந்தாவதில் விரல் மரத்தது. எட்டாவதில் இடுப்பு பிடித்தது. அக்கா மூன்று மணி நேரம் கையைத் தூக்கித் தூக்கி ஊற்றினாள் என்று நினைத்துக்கொண்டு ஒன்பதாவதைத் தூக்கினாள். கடைச் சுவரில் கடிகாரம் இருந்தது. ஒவ்வொரு நடைக்கும் பார்த்தாள். நாலு நாற்பது. நாலு ஐம்பத்தைந்து. அஞ்சு. அஞ்சு ஐந்துக்குப் பிறகு பார்ப்பதை விட்டாள்.

பதினேழாவதை இறக்கி வைத்தபோது சைக்கிள் வந்தது. மீட்டர் வேர்த்து வழிய இறங்கினார்.

"ஷட்டரைப் பாதி இழுத்துட்டாங்க," என்றார் மாமாவிடம். "காலை உள்ள வச்சேன். வாங்கிட்டாங்க."

மாமா அப்படியே மூட்டைபோலக் கீழே உட்கார்ந்தார். "அப்பாடா. ஒரு வாய் தண்ணி குடுங்கய்யா யாராவது."

மீட்டர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து, மாமா விட்ட கைப்பிடியைப் பிடித்தார். எதிர்ப்பக்கம் சின்னவள். இருவருக்கும் நடுவே பேட்டரி.

"அண்ணா, நான் அன்னைக்கே..."

"தூக்கும்போது பேசாத. மூச்சு போயிடும்."

தூக்கினார்கள். இறக்கி வைத்தார்கள். நிமிர்ந்ததும் அவரே சொன்னார், அலமாரியைப் பார்த்துக்கொண்டு. "புதன்கிழமை உன்னைக் கேட்டேன். தெரியலன்ன. அன்னைக்குத் தெரிஞ்சிருந்துச்சா?"

"தெரிஞ்சிருந்துச்சு."

அவர் தலையாட்டினார். அதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. கணக்கில் ஓர் எண்ணைச் சரிபார்த்தது போல இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வந்து அந்தச் சின்னப் பெட்டியைக் கழட்டிட்டு எம்.பி.பி.டி. மாட்டித் தர்றேன். மீனுங்க என்ன பாவம் பண்ணிச்சு? ஆனா நீ சொல்ற எதையும் எழுதிக்க மாட்டேன். நானே ஏணி போட்டு ஏறிப் பார்ப்பேன், ஒயர் முதக்கொண்டு."

"சரிண்ணா," என்றாள். அவளுடைய ஒரே ஒரு 'நிச்சயமா'வை நம்பிக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

"இந்தப் பக்கம் வா. அந்தக் கைப்பிடி உடைஞ்சிருக்கு, அடியில கை கொடு."

அவள் குனிந்து அடியில் கை கொடுத்தாள். வண்டியில் இன்னும் எட்டு இருந்தன.